நிக்கல்: பெயர் வரலாறு

வெள்ளியையொத்த வெண்ணிறமும், காந்தத்தால் ஈர்க்கப்படும் இயல்பும், எளிதில் களிம்பேறாத உறுதியும் வாய்ந்த இவ்வுலோகத்தின் அணு எண் 28. இரசாயன நூல்களில் இன்று கண்ணியத்தோடு வழங்கும் இதன் நாமம், ஆதியில் ஒரு வசைச்சொல்லே.

ஜெர்மனி தேசத்துச் சாக்ஸனி மலைச் சுரங்கங்களில் உழைத்தவர்கள், செம்பின் சாயல் கொண்ட ஒரு கனிமத்தைச் செம்புத்தாது என்றே நம்பி உலையிலிட்டுக் காய்ச்ச, செம்பு சிறிதும் தேறாமல் நச்சுப்புகையே எழுந்து அவர்களை வருத்தியதால், சுரங்கத்துக் குறளிகள் செய்த வஞ்சனை இதுவெனக் கொண்டு அதனைக் 'குப்பர்நிக்கல்' என்று ஏசினார்கள். குப்பர் என்பது செம்பு. நிக்கல் என்பது நிக்கோலஸ் என்னும் பெயரின் குறுக்கமாயினும், குறும்பு புரியும் குட்டிச்சாத்தானையும் அக்காலத்துப் பாமரர் அவ்வாறே அழைத்தனர் என்பர். உண்மையில் அக்கனிமம் நிக்கலும் ஆர்சனிக் என்னும் பாஷாண மூலகமும் கூடிய சேர்க்கை, புகைந்தது பாஷாணம். கோபால்ட் என்ற பெயரும் 'கோபோல்ட்' என்னும் பூதத்தின் பெயரிலிருந்து பிறந்ததே.

அந்தக் கோபால்டைக் கண்டறிந்த பிராண்ட் என்பாரின் மாணாக்கரான சுவீடன் தேசத்து ஆக்ஸல் குரோன்ஸ்டெட், 1751-இல் லோஸ் என்னுமிடத்துச் சுரங்கத் தாதுவின்மேல் படிந்திருந்த பச்சைநிறப் படிகங்களைக் கரியுடன் சேர்த்துக் காய்ச்சி, முன்பின் அறியாத வெண்ணிற உலோகமொன்றைப் பெற்றார். குப்பர்நிக்கலிலும் அதுவே மிகுந்திருக்கக் கண்டு, 1754-இல் செம்பை நீக்கிச் சாத்தானை மட்டும் பெயராக நிறுத்திக்கொண்டார். கிரேக்க, லத்தீன் பாஷைகளில் புதுப்பெயர் தேடி அலையாத அவரது எளிமை பாராட்டத்தக்கது. எனினும், இது தனி மூலகமன்று, இரும்பும் கோபால்டும் ஆர்சனிக்கும் செம்பும் கலந்த கலவையே என்று பிரெஞ்சு இரசாயனிகள் சிலர் மறுத்து வந்தனர். 1775-இல் பெர்க்மன் என்னும் இரசாயனி இதனை மீண்டும் மீண்டும் சுத்தி செய்து காட்டிய பின்னரே அவ்வாதம் தளர்ந்தது.

பெயர் பிறக்குமுன்பே பொருள் புழக்கத்தில் இருந்தது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டுப் பாக்ட்ரிய நாணயங்கள் சிலவற்றிலும், சீனர் வார்த்த வெண்செம்பிலும் நிக்கல் கலந்திருந்தது. அவ்வெண்செம்பைப் பின்பற்றி ஜெர்மானியர் 1820-களில் செம்பு, துத்தநாகம், நிக்கல் மூன்றையும் சேர்த்துச் செய்ததே, வெள்ளி அணுவளவும் இல்லாதிருந்தும் நம் பாத்திரக்கடைகளில் 'ஜெர்மன் சில்வர்' எனப் பெயர் பெற்ற உலோகம். இந்தியாவில் 1907 முதல் வெளிவந்த நெளிவிளிம்பு ஓரணா நாணயமும் செம்பும் நிக்கலும் கலந்து அச்சிட்டதே.