ஒரு பங்கு பாரதத்துக்கு

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், வடக்கே இருக்கிறது கூரம். ராமாநுஜரின் சீடரான கூரத்தாழ்வானின் ஊர் என்று வைணவர்களுக்குத் தெரியும். வரலாறு படிக்கிறவர்களுக்கு அது ஒரு செப்பேட்டின் பெயர். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் கொடுத்தது. முதலில் சமஸ்கிருதம், பிறகு தமிழ். சமஸ்கிருதத்தில் ராஜாவின் வம்சப் பெருமை, போர்ப் பெருமை எல்லாம் வருகிறது. சாளுக்கிய விக்கிரமாதித்தன் ஒரு கந்தலைப் போர்த்திக்கொண்டு தன்னந்தனியாக ஓடிப்போனான் என்கிறது. தமிழுக்கு வந்ததும் பேச்சு அப்படியே மாறிவிடுகிறது. நிலத்தின் எல்லை எது, ஏரி எது, பாலாற்றிலிருந்து வரும் கால்வாய் எது, யாருக்கு எவ்வளவு. எனக்கு எப்போதும் இந்த இரண்டாம் பாதிதான் பிடிக்கும். முதல் பாதி விளம்பரம். இரண்டாவதுதான் கான்ஃபிக் ஃபைல். ஊர் எப்படி ஓடியது என்பது அதில்தான் இருக்கும்.

அந்தக் கணக்கு இப்படிப் போகிறது. பரமேசுவரமங்கலம் என்ற ஊர் 25 பங்காகப் பிரிக்கப்படுகிறது. 20 பங்கு நான்கு வேதமும் கற்ற பிராமணர்களுக்கு. 3 பங்கு கோயில் பூசைக்கும் பழுதுபார்க்கவும். 1 பங்கு கூரத்து மண்டபத்துக்குத் தண்ணீரும் தீயும் வைக்க. கடைசி 1 பங்கு, அந்த மண்டபத்தில் பாரதம் வாசிக்க.

25இல் 1, அதாவது 4 சதவீதம். ஒரு ஊரின் வருமானத்தில் 4 சதவீதத்தை ஒரு கதையை உரக்க வாசிப்பதற்கென்று எழுதிவைத்திருக்கிறார்கள், அதுவும் செம்பில். அதைவிட எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய பங்கு. தண்ணீரும் தீயும். கேட்க வருகிறவனுக்குத் தாகம் எடுக்கும், இருட்டும், குளிரும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். இலக்கியக் கூட்டம் நடத்திப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பேச்சாளர் கிடைத்துவிடுவார், மைக்கும் தண்ணீர் கேனும்தான் கடைசி நிமிடத்தில் காலை வாரும்.

"எந்த இலக்கிய விழாவுக்குப் போகலாம்?" என்று நண்பர்கள் கேட்டால் வழக்கமான பதில்கள் தயாராக இருக்கின்றன. வேல்ஸில் 1988இல் தொடங்கிய ஹே விழா, அதன் வழியில் 2006இல் தொடங்கிய ஜெய்ப்பூர், நம் பக்கம் கோவையில் டிசம்பரில் நடக்கும் விஷ்ணுபுரம் விழா, ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. இவற்றில் சிலவற்றுக்குப் போயிருக்கிறேன், இனியும் போவேன். ஆனால் இந்த வரிசையில் காஞ்சிபுரத்தை யாரும் சொல்வதில்லை. 2022இல் தமிழக அரசு நதிகளின் பெயரில் இலக்கியத் திருவிழாக்களைத் தொடங்கியது. பொருநை, வைகை, காவிரி, சிறுவாணி, அப்புறம் சென்னை. பாலாற்றுக்கு இடமில்லை. தண்ணீர் இல்லாத ஆறு என்று விட்டுவிட்டார்களோ என்னவோ.

பெரும்பாணாற்றுப்படை பாடிய நகரம், மணிமேகலை வந்து சேர்ந்த நகரம், மகேந்திரவர்மன் தன் சொந்தத் தலைநகரத்துக் குடிகாரக் காபாலிகனை வைத்து மத்தவிலாசப் பிரகசனம் எழுதிய நகரம் என்று பட்டியல் போடலாம். அது பெருமைப் பேச்சு, போதும். நான் சொல்ல வருவது வேறு. இலக்கியத்தைக் கூடி உட்கார்ந்து கேட்பதற்கு இந்த ஊர் சில ஏற்பாடுகளைச் செய்துவைத்திருந்தது. அதில் ஒன்று இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.

முதலில் அரங்கேற்றம். இன்று இந்தச் சொல்லைக் கேட்டால் பரதநாட்டியமும் ஃபிளெக்ஸ் பேனரும்தான் நினைவுக்கு வரும். நூல் அரங்கேற்றம் என்பது வேறு சமாச்சாரம். எழுதியவன் சபையில் உட்கார்ந்து தன் நூலைப் பாட்டுப் பாட்டாக வாசித்துப் பொருள் சொல்ல வேண்டும். கேட்கிறவர்கள் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். நிறுத்தினால் பதில் சொல்லாமல் அடுத்த பாட்டுக்குப் போக முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை இது நடைமுறையில் இருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தலபுராணங்கள் எழுதி அந்தந்த ஊரில் நாள்கணக்கில் அரங்கேற்றிய கதையை உ.வே.சா. விரிவாக எழுதியிருக்கிறார்.

காஞ்சியில் ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் காமாட்சி கோயிலுக்கும் நடுவே குமரகோட்டம். அங்கே அர்ச்சகராக இருந்தவர் கச்சியப்ப சிவாசாரியார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட கந்தபுராணத்தை அவர் அரங்கேற்றிய மண்டபம் இது என்று இன்றும் கோயிலுக்குள் காட்டுகிறார்கள். மரபு சொல்லும் கதை இது: ஒரு நாளைக்கு நூறு பாட்டு எழுதி இரவு சன்னதியில் வைத்துப் பூட்டிவிடுவார். காலையில் திறந்தால் முருகன் திருத்தங்கள் போட்டிருப்பான். முதல் பாட்டுக்கு அடியெடுத்துக் கொடுத்ததும் அவன்தான்.

அரங்கேற்றத்தன்று அந்த முதல் சொல்லிலேயே சபை நின்றுவிட்டது. 'திகழ்', 'தசக்கரம்' இரண்டும் சேர்ந்தால் 'திகடசக்கரம்' ஆகுமா? ஒளிரும் பத்துக் கைகள் என்பது பொருள், அதில் சிக்கல் இல்லை. ஆனால் ழகரமும் தகரமும் சேர்ந்து டகரம் ஆவதற்கு இலக்கணத்தில் விதி எங்கே? "முருகன் சொன்னான்" என்று கச்சியப்பர் சொல்லிப் பார்த்தார். சபை அசையவில்லை. யார் சொன்னால் என்ன, விதியைக் காட்டு. அன்றைக்குச் சபை கலைந்தது. மறுநாள் சோழநாட்டுப் புலவர் என்று ஒருவர் வந்தார். வீரசோழியம் என்ற நூலைத் திறந்து சந்திப் படலத்தில் விதியைக் காட்டினார், போய்விட்டார். வந்தவர் முருகன்தான் என்று கதை முடிகிறது.

எங்கள் ஆபீஸில் கோட் ரிவ்யூவில் முதல் வரியிலேயே தூக்கி எறியப்படுகிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வதுண்டு. விளையாட்டை விடுவோம். கவனிக்க வேண்டியது வேறொன்று. வீரசோழியம் பதினொன்றாம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில் எழுதப்பட்டது. எழுதியவர் புத்தமித்திரனார். பெயரே சொல்கிறது, பௌத்தர். ஆக, ஒரு சைவப் பெருநூலை, சைவக் கோயிலுக்குள், சைவர்கள் நிறைந்த சபையில் காப்பாற்றியது ஒரு பௌத்தரின் இலக்கண நூல். கதையை உருவாக்கியவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தே விட்டுவைத்திருக்கிறார்கள். முருகனே ஆனாலும் பௌத்தன் எழுதிய விதியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வர வேண்டும்.

இது நடந்ததா என்றால், புராணத்துக்கே புராணம். ஆனால் ஒரு சமூகம் தன் சபையைப் பற்றி எப்படிப்பட்ட கதை சொல்லிக்கொள்கிறது என்பது வரலாறுதான்.

சபைக்குக் கெட்ட நாட்களும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் சிவஞான முனிவரின் காஞ்சிப் புராணம் அரங்கேறியபோது, காஞ்சியைப் பற்றிய நூலில் ஏகாம்பரநாதரை விட்டுவிட்டுத் தில்லை நடராசருக்கு எப்படி முதல் வணக்கம் போடலாம் என்று சிலர் மறித்தார்களாம். முனிவர் தரப்பில் வாதாடவில்லை. ஓதுவாரைக் கூப்பிட்டுத் தேவாரம் பாடச் சொன்னார்கள். ஓதுவார் வழக்கப்படி 'திருச்சிற்றம்பலம்' என்று தொடங்கினார். அது தில்லையின் பெயர்தானே. மறித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பதில் அழகு, கேள்வி அற்பம். ஊர்ப்பொறாமை இலக்கண வேட்டியைக் கட்டிக்கொண்டு வருவது இன்றைய ஃபேஸ்புக்கில் ஆரம்பித்த விஷயமில்லை.

யார் ஓதுவது என்பதும் இங்கே சிறிய கேள்வியாக இருந்ததில்லை. வரதராசப் பெருமாள் கோயிலில் நாலாயிர திவ்யப் பிரபந்தம் ஓதும் கோஷ்டி, பெருமாள் வீதிக்கு வரும்போது அவருக்கு முன்னால் போகும். வேதம் ஓதுகிறவர்கள் பின்னால் வருவார்கள். தமிழுக்குப் பின்னால் பெருமாள், பெருமாளுக்குப் பின்னால் வேதம். கேட்கும்போது எனக்கும் கொஞ்சம் சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த முன்வரிசையில் யார் நிற்பது, ஓதத் தொடங்கும் முன் எந்த ஆசாரியரை வணங்கும் தனியனைச் சொல்வது என்று வடகலைக்கும் தென்கலைக்கும் நடந்த சண்டை 1880களிலேயே சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. இந்த நூற்றாண்டிலும் அதே நீதிமன்றத்துக்குப் போனது. கவிதை ஓதும் உரிமைக்காக நூறு வருடத்துக்கு மேல் வழக்கு நடக்கும் ஊர் உலகத்தில் வேறெங்காவது இருக்கிறதா என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.

இந்த மண்டபங்கள் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. கூரத்தின் 25 பங்கில் 20 யாருக்குப் போனது என்று செப்பேடே சொல்கிறது. ஆனாலும் நூல்கள் மண்டபத்தைத் தாண்டிப் போயின. காஞ்சியின் நெசவாளர்களான செங்குந்தர்கள், கந்தபுராணத்தில் முருகனின் படையை நடத்தும் வீரபாகு முதலிய நவவீரர்களைத் தங்கள் மூதாதையர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். சூரசம்ஹாரத்தில் நவவீரர் வேடம் போடுவது பல ஊர்களில் அவர்களுடைய உரிமை. தறியில் உட்காரும் ஒருவருக்கு அந்தப் பத்தாயிரம் பாட்டும் குடும்பச் சரித்திரம்.

பாரதமும் அப்படித்தான் வெளியே வந்தது. மண்டபத்திலிருந்து வயல்வெளிக்கு. காஞ்சிபுரம், செய்யாறு, ஆற்காடு பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் கோடையில் 'பாரதம்' வைப்பார்கள். பத்து நாள், இருபது நாள் என்று ஊருக்கு ஏற்றபடி நடக்கும். வெளியூர்க்காரர்களுக்கு இது தெருக்கூத்து என்ற பெயரில்தான் தெரியும். அதனால் ராத்திரி பத்து மணிக்குப் போய் கிரீடத்தையும் அடவையும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அது பாதிதான். மத்தியானம் நடக்கிறது மற்றப் பாதி. பந்தலில் பிரசங்கி உட்கார்ந்து வில்லிபுத்தூரார் பாரதத்தை ராகம் போட்டுப் பாடி, ஒவ்வொரு பாட்டாகப் பொருள் சொல்லுவார். வில்லியின் தமிழ் சமஸ்கிருதச் சொற்கள் புரண்டு ஓடும் தமிழ். கல்லூரியில் தமிழ் படித்தவர்களே திணறுவார்கள். அதை அவர் பேச்சுத் தமிழில் பிரித்து, நடுவில் ஊர்ச் சண்டையையும் விலைவாசியையும் இழுத்து, திரும்பப் பாட்டுக்கே கொண்டுவந்து சேர்ப்பார். அன்று மத்தியானம் கேட்ட பகுதியை அன்று ராத்திரி கூத்தாக ஆடுவார்கள். மூலமும் உரையும் பகலில், நாடகம் இரவில்.

வில்லி தன் பாரதத்தைப் பதினெட்டாம் நாள் போரோடு முடித்துவிட்டார். அதற்குப் பிந்தைய பருவங்களைப் பாடவில்லை. விழாவும் அங்கேயேதான் முடிகிறது. கடைசி நாள் காலை, களிமண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடக்கிறான், ஆள் உயரத்தைப் போலப் பல மடங்கு நீளம். படுகளம் என்று பெயர். பீமன் தொடையில் அடிக்கிறான், திரௌபதி கூந்தல் முடிகிறாள், சாயங்காலம் ஊர் தீ மிதிக்கிறது. இதற்கு நடுவே அர்ச்சுனன் தபசு அன்று நடிகர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். கீழே குழந்தை வரம் கேட்டு வந்த பெண்கள் ஈரப் புடவையோடு காத்திருப்பார்கள். எந்த எழுத்தாளனும் தன் புத்தகத்துக்கு இப்படி ஒரு வாசகர் கூட்டத்தைக் கனவில்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

இந்தக் களமும் எல்லாச் சாதியும் ஒரே பாயில் உட்கார்ந்த களம் என்று நான் சொல்ல மாட்டேன். எந்தத் தெரு வரை அம்மன் போவாள் என்பதில் தகராறு வந்த ஊர்கள் உண்டு. பெண்கள் கூத்தில் ஆடியதும் சமீபத்தில்தான். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில், கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும் டச்சு ஆய்வாளர் ஹன்னே எம். டி புருயினும் 2002இல் கட்டைக்கூத்து குருகுலம் தொடங்கினார்கள். பள்ளிப் படிப்போடு கூத்தும் சொல்லித்தந்தார்கள், பெண் குழந்தைகளுக்கும். அதற்கு முன்பே, 1990இல், கலைஞர்களுக்கான கட்டைக்கூத்துச் சங்கம் உருவாகியிருந்தது. குருகுலம் 2020இல் மூடப்பட்டது.

கூத்து எப்படியும் பிழைத்துக்கொள்ளும் என்று நினைக்கிறேன். அதற்கு நகரத்திலும் வெளிநாட்டிலும் மேடை இருக்கிறது, ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், யூடியூப் இருக்கிறது. எனக்குப் பயம் மத்தியானத்தைப் பற்றித்தான். நான் போன ஒரு ஊரில் ராத்திரிக் கூத்துக்கு ஊரே வந்திருந்தது. மத்தியானம் பந்தலில் எண்ணிப் பார்த்தேன், 23 பேர். அதில் நான்கு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நோட்டீஸில் கூத்துக் குழுவின் பெயர் பெரிய எழுத்தில், பிரசங்கியின் பெயர் கீழே பொடி எழுத்தில். வசூல் குறைகிற வருடத்தில் எதை முதலில் வெட்டுவார்கள் என்பதற்குப் பெரிய கணக்கு தேவையில்லை. செம்பில் எழுதாத 4 சதவீதம்.

நம்முடைய இலக்கிய விழாக்களும் இதே வெட்டை எப்போதோ செய்து முடித்துவிட்டன. எழுத்தாளர் வருகிறார், பேனலில் உட்காருகிறார், தன் வாழ்க்கையைப் பற்றியும் காலத்தைப் பற்றியும் பேசுகிறார், கையெழுத்துப் போடுகிறார். நூல் மேஜையில் விற்பனைக்கு இருக்கிறது. மேடையில் அதை ஒரு பக்கம்கூட யாரும் வாசிப்பதில்லை. விஷ்ணுபுரம் விழாவில் வாசகர்கள் படித்துவிட்டு வந்து எழுத்தாளரை நேருக்கு நேர் கேள்வி கேட்கிறார்கள், அது பெரிய விஷயம். ஆனால் அங்கேயும் ஒரு சொல்லில் நின்று "இதற்கு விதி என்ன" என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரை சபை நகராமல் இருக்கிற ஏற்பாடு இல்லை. ஒரு நாவலின் முதல் அத்தியாயத்தை இரண்டு மணி நேரம் வாசித்து, வரிக்கு வரி மறித்துப் பேசும் ஒரு அமர்வை யாராவது போட்டுப் பார்க்கலாம். ஆள் வராது என்பார்கள். 23 பேர் வருவார்கள்.

இந்தக் கோடையில் போக நினைக்கிறவர்களுக்கு: பங்குனி கடைசியிலிருந்து ஆடி வரை எங்காவது நடந்துகொண்டே இருக்கும். இணையத்தில் தேடிப் பிரயோஜனம் இல்லை. காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டிலும் செய்யாறு போகும் வழி டீக்கடைகளிலும் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். அதில் மேலே இருக்கிற குழுவின் பெயரை விட்டுவிட்டு, கீழே 'பாரதச் சொற்பொழிவு' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மத்தியானம் மூன்று மணிக்கே போய்விடுங்கள். வில்லிபாரதம் கையில் இருந்தால் எடுத்துப் போங்கள், இல்லாவிட்டாலும் அவர் பாடியே சொல்லிவிடுவார். பந்தலில் பாய் போட்டிருப்பார்கள், ஓரத்தில் ஒரு பானையில் தண்ணீரும் வைத்திருப்பார்கள்.