பனித் தகடும் சொரண்டியும்

போன மார்கழியில் கனடாவிலிருந்து நண்பனின் அண்ணா ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். வாசல் முழுக்கப் பனி. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு சில்லு மெஷின் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். அதன் முன்னால் பூட்டிய தகடு பனியை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போகிறது. பேராதனை விடுதி அறையில் ஐந்து பேர் ஒரு போனுக்குள் தலையை விட்டுப் பார்த்தோம். கிளிநொச்சிக்காரன் உடனே சொன்னான், "டேய், இது எங்கட லாண்ட்மாஸ்டர்தானே!" கலஹாப் பக்கத் தோட்டத்திலிருந்து வரும் நண்பன் தகட்டைக் காட்டி, "அது சொரண்டி" என்றான்.

இரண்டு பேர் சொன்னதிலும் விஷயம் இருந்தது. அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் போய்ப் பார்த்தோம்.

வடக்கு கிழக்கில் இரண்டு சில்லு உழவு இயந்திரம் எந்தக் கம்பனியுடையதாக இருந்தாலும் பலருக்கு அது லாண்ட்மாஸ்டர்தான். உண்மையில் அது ஒரு பிரித்தானியக் கம்பனியின் பெயர். 1950களில் நொட்டிங்காம் பக்கம் அவர்கள் செய்து விற்ற சிறிய ட்ராக்டரை வடிவமைத்தவர் இலங்கையரான ரே விஜேவர்தன (1924–2010). கேம்பிரிட்ஜில் படித்த பொறியியலாளர், பின்னாளில் மொறட்டுவைப் பல்கலைக்கழக வேந்தர். உலகின் முதலாவது இரண்டு சில்லு ட்ராக்டரே அவருடையதுதான் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. அமெரிக்காவில் பெஞ்சமின் கிரேவ்லி 1910களிலேயே தன்னுடையதற்குக் காப்புரிமை எடுத்துவிட்டார். கிரேவ்லி மெஷின்களுக்குப் பிறகு பனித் தகடும் பனி வீசும் கருவியும் வந்தன. கோடையில் புல், மாரியில் பனி, மெஷின் ஒன்றுதான்.

ட்ராக்டரின் வரலாறு என்றால் எஞ்சினின் வரலாறு என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். வாசிக்க வாசிக்க, அதில் பாதி கொளுவியின் வரலாறு என்று தெரிந்தது. ஹரி பெர்குசன் 1920களில் உருவாக்கிய மூன்று புள்ளி இணைப்பு வந்த பிறகுதான் கலப்பையைக் கழற்றிவிட்டுத் தகட்டைப் பூட்டுவது சுலபமானது. அவருடைய டி.ஈ. 20 ட்ராக்டர் 1946இல் வந்தது. அதே ரகத்துக்குச் சங்கிலிப்பட்டை போட்டு, எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4ஆம் திகதி தென்துருவம் போய்ச் சேர்ந்தார். எவரெஸ்ட் ஏறிய அதே ஹிலாரிதான்!

பனிக்கு எதைப் பூட்டுவது என்பது லேசான கேள்வியில்லை. தகடு மலிவு. கொஞ்சம் சரித்துப் பூட்டினால் பனி ஓரத்துக்குப் போகும். ஆனால் மாரி முழுக்க ஓரத்தில் குவிந்தால் பிறகு தள்ள இடமிருக்காது. அப்போது வீசும் கருவி வேண்டும். திருகு ஒன்று பனியை உள்ளே இழுக்க, விசிறி அதைக் குழாய் வழியாகத் தூரத்துக்கு எறியும். இதைச் செய்து 1920களில் விற்றவர் கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிகார்ட். கதிரடிக்கும் மெஷினைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்று சொல்வார்கள். சூடு மிதிக்கிற ஊர்க்காரர்களுக்கு அது சந்தோஷமான செய்திதான். ஈரப்பனி என்றால் குழாய் அடைத்துக்கொள்ளும். டயர் வழுக்கினால் சங்கிலி சுற்ற வேண்டும், பின்பக்கம் பாரமும் ஏற்ற வேண்டும்.

எங்களைப் பிடித்து நிறுத்தியது இன்னொரு சின்னச் சாமான். கல்லுப் போட்ட பாதையில் தகட்டை நிலத்தோடு உரச விட்டால் பனியோடு கல்லும் போய்விடும். அதனால் தகட்டின் இரண்டு பக்கமும் செருப்பு மாதிரி இரும்புத் துண்டு பூட்டி, அதை ஒரு அங்குலமளவில் தூக்கி வைப்பார்கள். அடியில் கொஞ்சம் பனி மிஞ்சும். மிஞ்சட்டும், பாதை பத்திரம்.

இனிக் கண்டிக்கு வருவோம்.

கலஹாவுக்கு அங்கால் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை போட்ட கதை எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன் கோப்பிக் காலத்திலேயே துரைமாருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது: தோட்டத்தில் ஒரு புல்லும் தெரியக்கூடாது. புல்லுக் கொந்தரப்பு என்று ஏக்கர் கணக்கில் வேலை கொடுத்தார்கள். புல்லெடுக்கும் ஆயுதம்தான் சொரண்டி. ஆங்கில மண்ணரிப்பு ஆய்வுகளில்கூட இந்தத் தமிழ்ச் சொல் அப்படியே வரும். பெருமைப்பட முடியவில்லை, வருவது குற்றவாளியாக. சொரண்டி புல்லோடு மேல்மண்ணையும் இளக்கிவிட, அடுத்த மழை அதைக் கொண்டுபோகிறது என்பதே முறைப்பாடு. 1931இல் மண்ணரிப்புப் பற்றி அரசுக் குழுவின் அறிக்கை வந்தது. 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பொல்கொல்லையில் மகாவலியை மறித்தபோது மலை மண் அங்கே வந்து படிந்தது. கம்பஸைச் சுற்றி ஓடும் ஆறு மழை நாளில் என்ன நிறம் என்று அக்பர் பாலத்தில் நின்ற யாரிடமும் கேட்கலாம்.

விஜேவர்தனவும் கடைசியில் இதே கேள்விக்குத்தான் வந்து சேர்ந்தார். விவசாயத்தை அல்ல, எருமையைத்தான் இயந்திரமாக்கினோம் என்ற பொருளில் பிற்காலத்தில் பேசியிருக்கிறார். குளிர்நாட்டில் பனி உருகிய பிறகு மண்ணைப் புரட்டுவதில் ஒரு நியாயம் இருக்கிறது: ஈரம் காயும், மண் சூடேறும். எங்கள் மண்ணுக்குச் சூடு குறைவா என்ன? புரட்டிப்போட்டால் வெயில் சத்தை எரிக்கும், மழை மிச்சத்தை அள்ளும். 1970களில் நைஜீரியாவின் இபாடானில் இருந்த ஆய்வு நிலையத்தில், உழாமல் விதைப்பதற்கான கருவிகளில் அவர் வேலை செய்தார். தன் பெயரைப் பெரிதாக்கிய மெஷினையே கேள்வி கேட்க ஒரு பொறியியலாளருக்குத் துணிவு வேண்டும். லாண்ட்மாஸ்டரைவிட எங்களுக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. சரிவில் மண்ணை மறிக்கத் தோட்டங்களில் கான் வெட்டினார்கள். மலையைச் சுற்றிச் சுற்றி, மண்வெட்டியும் முள்ளும் கொண்டு வெட்டிய கான்கள். அவற்றுக்கு எந்த வடிவமைப்பாளர் பெயரும் இல்லை. மண் போனதற்கு ஆய்வுகளில் சொரண்டியின் பெயர் வருகிறது. புல்லே தெரியக்கூடாது என்ற கட்டளை சில நேரம் வருவதே இல்லை.

அந்த நண்பன் தன் அம்மாயிக்குப் போன் எடுத்து, சொரண்டியை எப்படிப் பிடிப்பீங்க என்று கேட்டான். ஸ்பீக்கரில் போட்டிருந்தான். அம்மாயி சிரித்தார்.

"படுக்கப் புடிச்சா புல்லு மட்டும் வரும். நிமித்திப் புடிச்சா மண்ணும் சேந்து வரும். எங்களுக்குத் தெரியாதா? கங்காணி வர்றப்போ நிமித்திப் புடிப்போம். தரை செவப்பாத் தெரிஞ்சாத்தான் பேரு போடுவாங்க."