கிரிக்கெட் திடலும் பால்மரக் காடும்



"கிரிக்கெட் நம்ம விளையாட்டு இல்லீங்க சார். அது ஆங்கிலம் படிச்சவங்க விளையாடுனது. நமக்குக் காற்பந்துதான்." தெலுக் இந்தான் வட்டாரத்தில் தோட்டப் பின்னணி கொண்ட பெற்றோர் பலர் இவ்வாறு கூறக் கேட்டிருக்கிறேன். அதே வீடுகளில் சென்னை அணி ஆடும் இரவுகளில் தொலைக்காட்சி அணைவதில்லை என்பதையும் அறிவேன். இந்தச் சொல்லுக்குப் பின்னே ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அதைச் சற்று விரித்துப் பார்க்கலாம். (மட்டைப்பந்து என்று தூய தமிழில் எழுத எனக்கும் ஆசைதான். வகுப்பில் சொன்னால் மாணவர்கள் சிரிக்கிறார்கள். ஆகவே கிரிக்கெட் என்றே எழுதுகிறேன்.)

1982ஆம் ஆண்டு வரை நம் ஊரின் பெயர் தெலுக் ஆன்சன். பேராக் ஆற்றின் வளைவில் அமைந்த துறைமுகம் இது. உள்நாட்டு ஈயம் இவ்வழியே வெளியேறியது. 1893ஆம் ஆண்டு இங்கிருந்து தாப்பா ரோட்டுக்கு இரயில் ஓடத் தொடங்கியது. 1895இல் அப்பாதை ஈப்போவை எட்டியது. அதற்கும் முன்னால், 1885இல் திறக்கப்பட்ட தைப்பிங் - போர்ட் வெல்ட் பாதைதான் மலாயாவின் முதல் இரயில் பாதை. அதனை அமைக்க இலங்கையிலிருந்து பயனியர் படையினர் வரவழைக்கப்பட்டனர். அந்தத் தொடர்பு பின்னர் வலுத்தது. நிலைய அதிகாரிகளாகவும் கிராணிமாராகவும் கணக்கர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர்கள் மலாயாவுக்கு வந்தனர். அவர்களிடம் ஆங்கிலம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் மிஷனரிமார் நடத்திய பள்ளிகள் தந்த ஆங்கிலம் அது. அப்பள்ளிகள் கிரிக்கெட்டையும் சேர்த்தே தந்தன. பரி யோவான் கல்லூரியும் மத்தியக் கல்லூரியும் மோதும் 'வடக்கின் சமர்' 1904இல் தொடங்கியது. ஆக, கப்பல் ஏறும்போதே கிரிக்கெட்டை அறிந்திருந்தவர்கள் இவர்களில் பலர்.

அதே காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர்களின் நிலை வேறு. திருச்சி, தஞ்சாவூர், சேலம், வடஆர்க்காடு மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து கங்காணியோடு புறப்பட்டவர்கள் அவர்கள். சென்னையில் புச்சி பாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கி இந்தியர்களுக்கு ஆட இடம் அமைத்துக் கொடுத்தார். அவர் 1908இல் மறைந்தார். அவர் கனவு கண்ட இந்தியர் - ஐரோப்பியர் ஆட்டம், பொங்கலையொட்டி நடக்கும் மாகாணப் போட்டியாக, 1916 முதல் வேரூன்றியது. ஆனால் இவையெல்லாம் பட்டணத்துச் செய்திகள். வயலில் கூலிக்கு நின்றவர் கிரிக்கெட் மட்டையைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டார். இருவரும் தமிழர், இருவரும் வந்திறங்கியது ஒரே மலாயா. கிரிக்கெட் ஒருவரின் பெட்டிக்குள் இருந்தது. மற்றவரின் மூட்டையில் இல்லை.

சரி, வந்த பிறகாவது கற்றிருக்கலாமே என்று கேட்கலாம். இங்கேதான் பொழுது குறுக்கிடுகிறது. என் கருத்தில் சாதி, மொழி, வருமானம் ஆகியவற்றைக் காட்டிலும் பொழுதுதான் பெரிய சுவராக நின்றது. தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு. குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் இருட்டிலேயே மரம் வெட்டத் தொடங்க வேண்டும். பின்னர் மங்கிலிருந்து பாலைச் சேகரித்து, வாளிகளில் சுமந்து, கொட்டகையில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பப் பகல் சாய்ந்துவிடும். குளித்து உண்டு எழுந்தால் மாலை ஐந்து. இருட்ட இரண்டு மணி நேரம் இருக்கிறது. அந்த இரண்டு மணி நேரத்துக்குள் காற்பந்து அடங்கும், கிரிக்கெட் அடங்காது. ஒரு பந்து இருந்தால் இருபத்திரண்டு பேர் ஓடலாம். கிரிக்கெட்டுக்கோ மட்டைகள், கால்காப்பு, கையுறை, குச்சிகள் அனைத்தும் வேண்டும். புல்தரை அமையாத இடத்தில் தேங்காய் நார்ப் பாயும் விரிக்க வேண்டும். நம் கீழ்ப் பேராக்கின் களிமண்ணோ, ஒரு மழை பெய்தால் மறுநாள் வரை காலை விடாது.

தோட்டத் துரைமார் லயத்துக்கு அருகே திடல் ஒதுக்கினால் அதில் இரண்டு கோல் கம்பங்களை நட்டனர். அது அவர்களுக்கும் எளிது. கோயில் திருவிழாவையொட்டித் தோட்டத்துக்குத் தோட்டம் காற்பந்துப் போட்டி நடந்ததற்கும், பின்னாளில் ஆர். ஆறுமுகம் போன்ற கோல்காவலர்கள் நாட்டுக்கே வீரர்களாகக் கொண்டாடப்பட்டதற்கும் இந்த மாலை நேரம் ஒரு காரணம்.

ஊருக்குள் நிலைமை வேறாக இருந்தது. பிரிட்டிஷார் அமைத்த ஒவ்வோர் ஊரிலும் நடுவே ஒரு திடல் உண்டு. ஈப்போ திடலைப் பாருங்கள்: ஒரு பக்கம் ஈப்போ கிளப், மற்றொரு பக்கம் செயின்ட் மைக்கேல் பள்ளி. அலுவலக நேரம் முடிந்தவர்களும் வார இறுதி ஓய்வு பெற்றவர்களும் அங்கே வெள்ளைச் சட்டை அணிந்து ஆட முடிந்தது. ஐரோப்பியர் மன்றங்களில் இடமில்லாத ஆசியர்கள் தங்களுக்கென மன்றங்கள் அமைத்துக்கொண்டனர். தமிழர்கள், சீக்கியர்கள், யூரேசியர்கள் என இனவாரியாகவே அவை பெரும்பாலும் அமைந்தன.

அத்தகைய சூழலில் எழுந்த ஒரு பெயர் லால் சிங். 1909இல் கோலாலம்பூரில் பிறந்த சீக்கியர். 1932ஆம் ஆண்டு லார்ட்ஸ் திடலில் இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியபோது அணியில் இருந்த மலாயாக்காரர் இவரே. உல்லியை ரன் அவுட் ஆக்கியதும், இரண்டாவது இன்னிங்ஸில் அமர் சிங்குடன் சேர்ந்து 74 ஓட்டங்கள் சேர்த்ததும் பதிவில் உள்ளன. நம் பாடநூல்களில் இவர் பெயர் இடம்பெறாதது எனக்கு வியப்புதான். யாழ்ப்பாண வழியில் வந்த மகாதேவ சதாசிவமும் நினைவுகூரத் தக்கவர். 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் குவித்த அவர், இலங்கைக்கும் பின்னர் சிங்கப்பூர், மலேசியா அணிகளுக்கும் தலைமை தாங்கியவர்.

தோட்டத்துப் பிள்ளை இந்தத் திடலுக்குள் நுழைய ஒரே கதவு ஆங்கிலப் பள்ளி. தெலுக் ஆன்சனில் மெதடிஸ்டு மிஷன் நடத்திய ஆங்கிலோ சீனப் பள்ளி போன்றவை அந்தக் கதவுகள். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு முடித்த பிள்ளைக்கோ பள்ளிக் கட்டணம், பேருந்துக் காசு, ஆங்கிலம் என மூன்று பூட்டுகள். பெரும்பாலோர் அங்கேயே நின்று பால்வாளி தூக்கினர். கதவு தாண்டிய சிலரோ திடலில் கிராணி வீட்டுப் பிள்ளைகளோடு ஒரே அணியில் நின்றனர். என்னைப் பொறுத்தவரை, நம் சமூகத்தின் இரு பகுதிகளும் சமமாகக் கைகுலுக்கிக்கொண்ட அரிய இடங்களுள் அது ஒன்று.

1970ஆம் ஆண்டு தொடங்கி ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய் மொழிக்கு மாறின. மொழி மாற்றத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் அப்பள்ளிகளில் பயிற்சி அளித்த பழைய ஆசிரியர்கள் ஓய்வு பெற்றபோது, சிறு நகரங்களில் கிரிக்கெட்டும் அவர்களோடு வீட்டுக்குப் போயிற்று. தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, துண்டாடப்பட்டு, லயங்கள் கலைந்தபோது தோட்டத்துக் காற்பந்துத் திடல்களும் குறைந்தன.

நாட்டளவில் ஆட்டம் தொடர்ந்தது. 1998 காமன்வெல்த் விளையாட்டில் கோலாலம்பூரில் கிரிக்கெட் இடம்பெற்றது. 2008இல் விராட் கோலி தலைமையிலான இந்திய இளையோர் அணி இங்கேதான் உலகக் கிண்ணம் வென்றது. சுரேஷ் நவரத்தினம், கிருஷ்ணமூர்த்தி முனியாண்டி போன்றோர் 2000களில் மலேசிய அணியில் ஆடினர். பின்னர் விளையாட்டுப் பள்ளிகளிலிருந்து மலாய் இளைஞர்கள் பெருமளவில் வந்தனர். 2023இல் சியாஸ்ருல் இட்ருஸ் சீனாவுக்கு எதிராக 8 ஓட்டங்கள் மட்டும் கொடுத்து 7 விக்கெட்டுகள் வீழ்த்தினார். ஆடவர் அனைத்துலக டி20 ஆட்டத்தில் ஒருவர் ஏழு விக்கெட் எடுத்தது அதுவே முதல் முறை. முறையான திடலும் பயிற்சியும் கிடைத்தால் மலேசியப் பிள்ளை எவருக்கும் இது கைவரும் என்பதற்கு அவரே சான்று.

நம் பள்ளி மாணவர்கள் இடைவேளையில் ஆடுவதைக் கவனித்திருப்பீர்கள். பலகைத் துண்டு, டென்னிஸ் பந்து, குச்சிகளுக்குப் பதில் ஒரு நாற்காலி. பாகான் டத்தோ பக்கம் போனால் தென்னை மட்டையைச் சீவியே மட்டையாக்கிக்கொள்கிறார்கள். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். பள்ளி மணி அடித்ததும் அந்த மட்டை வேலியோரம் சாத்தி வைக்கப்படுகிறது. மறுநாள் இடைவேளை வரை அதை யாரும் எடுப்பதில்லை.