புதுப்பேட்டைக் கதவு

1958 முதல் 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான அம்பாசடர் காரின் உடற்கட்டு பெரிதாக மாறவே இல்லை. அதனால் சென்னை புதுப்பேட்டையில் பிரித்துப் போட்ட வண்டியின் கதவு இன்னொரு வண்டிக்கும் பொருந்தியது. பொருந்தியது என்றால், ஏறத்தாழ!

மீதி டிங்கரிங்காரர் பாடு. கீல் திருகுகளைத் தளர்த்தி, கதவுக்கடியில் கட்டையும் ஜாக்கியும் கொடுத்து மெல்லத் தூக்குவார். சுற்றிலும் இடைவெளி ஒரே சீராக வந்ததும் முடுக்குவார். பிறகு பட்டி, உப்புத்தாள், பிரைமர். கடைசியில் சண்டித்தனம் செய்வது நிறம்தான். வெயிலில் வெளுத்த பக்கத்துக் கதவோடு புதுப் பூச்சு லேசில் ஒத்துப்போகாது.

இந்தப் பூச்சு வேலை வீட்டு வாசலிலேயே செய்யும் அளவுக்கு எளிதானதற்கு, 1920களில் அமெரிக்காவில் டியூபாண்ட் கொண்டுவந்த டியூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் பூச்சும் ஒரு காரணம். அதற்கு முன் தூரிகையால் அடித்த வார்னிஷ் அடுக்கடுக்காய் உலர வாரக்கணக்காகும். டியூகோவைத் துப்பாக்கியால் பீய்ச்சினால் சில மணி நேரம் போதும்.