அணைந்த விளக்குகள்

1929-இல் டப்ளின் நகரின் ஓ'கானல் வீதியில் சவாய் திரையரங்கு திறக்கப்பட்டது. 1935-இல் ஹாக்கின்ஸ் வீதியில் ஏறத்தாழ 3,800 இருக்கைகளுடன் தியேட்டர் ராயல் எழுந்தது. 1923-இலேயே திரைப்படத் தணிக்கைச் சட்டம் இயற்றிய நாடு அயர்லாந்து. 1936-இல் திருத்தந்தை 11-ஆம் பத்திநாதரும் தம் சுற்றுமடலில் திரைப்படத்தின் தீமைகளை எச்சரித்தார். அதன் நன்மைகளையும் மறுக்கவில்லை.

ஆயினும், ஞாயிறு காலையில் திருப்பலியில் முழந்தாளிட்ட மக்களே மாலையில் திரையரங்க வாயிலில் வரிசையாய் நின்றனர். ஒற்றை அறையில் குளிரில் ஒடுங்கிய ஏழைக்குச் சில மணி நேரக் கதகதப்பும் மெத்தை இருக்கையும் அங்கே கிடைத்தன.

1961-இன் இறுதி நாளில் அந்நாட்டுத் தொலைக்காட்சி பிறந்தது. குடும்பங்கள் நகரின் புறத்தே குடியேறின. 1962-இல் ராயல் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் அலுவலகக் கட்டடம் எழுந்தது. சவாய் 1969 முதல் சிறு அரங்குகளாகப் பிரிக்கப்பட்டது.

அரங்குகள் ஒழிந்ததால் ஆலயங்கள் நிறைந்துவிடவில்லை. பின்வந்த ஆண்டுகளில் அங்கும் இருக்கைகள் வெறுமையாயின. காரணங்கள் பல, திருச்சபையினராகிய நம் பாவங்களும் அவற்றுள் அடங்கும். சேர்ந்து சிரிக்கும் இடத்தை இழந்த ஊர், சேர்ந்து செபிக்கவும் மறந்துவிடுமோ என்று நெஞ்சம் அஞ்சுகிறது. மக்களை எச்சரித்த மேய்ப்பர்களாகிய நாம், அவர்கள் எதைத் தேடி அங்கே சென்றார்கள் என்று ஒருமுறையேனும் கேட்டோமா?