கம்பளிப் பாயும் கப்பற்கலையின் கணக்கும்

வைக்கிங்குகளின் கடலோட்டத்தைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் தச்சனின் கோடரியில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. இதற்கு மண்ணும் ஒரு காரணம். நார்வேயின் களிமண்ணும் டென்மார்க்கின் ரோஸ்கில்டே கடற்கழிச் சேறும் மரப்பலகைகளை ஆயிரம் ஆண்டு காத்துத் தந்தன. பாய்த்துணியை அப்படிக் காக்கவில்லை. ஆனால் பெருங்கடல் கடந்த கப்பலுக்குப் பாய் செய்வது, உடற்கூட்டைக் கட்டுவதோடு சேர்த்து எண்ணவேண்டிய பெருவேலை. நூற்றும் நெய்தும் அதைச் செய்த பெண்களைக் கப்பல் கட்டியவர்களாகவே கொள்ள வேண்டும்.

1962இல் ரோஸ்கில்டே கழியில் அகழ்ந்தெடுத்த சரக்குக் கப்பலின் மறுஉருவான 'ஓட்டர்' சுமார் 90 சதுர மீட்டர் கம்பளிப் பாய் கொண்டது. சென்டிமீட்டருக்குப் பாவில் 8 இழை, ஊடையில் 5 இழை என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர மீட்டருக்கு 1,300 மீட்டர் நூல் செல்லும். பாய் முழுவதற்கும் 117 கிலோமீட்டர். தக்களியில் மணிக்கு 50 மீட்டர் நூற்பதாகக் கொண்டாலும், நூற்பு மட்டுமே 2,340 மணி நேரம் பிடிக்கும். கம்பளியைப் பிரித்துச் சிக்கெடுப்பதும், கல் கட்டிப் பாவைத் தொங்கவிட்ட தறியில் நெய்வதும், துண்டுகளைச் சேர்த்துத் தைப்பதும் இதில் அடங்கா. வட ஐரோப்பாவின் பழைய இனச் செம்மறிக்கு இரண்டடுக்கு ரோமம் உண்டு. நீண்டு முரடான வெளிமயிரை இறுக்கி முறுக்கினால் இழுவிசை தாங்கும் பாவு. மென்மையான உள்மயிரைத் தளர்த்தி நூற்றால் இடைவெளியை அடைக்கும் ஊடை. அதன்மேல் காவிமண்ணும் கொழுப்பும் கீலும் பூசிய பிறகே துணி காற்றைப் பிடிக்கும். இத்தனை நுட்பத்தைத் துணைவேலை என்று ஒதுக்குவது பெரும் பிழை.

மேற்கண்ட கணக்கு ஊகத்தின்மேல் நிற்கிறது என்று மறுக்கலாம். சிறுவயது முதல் நூற்றுப் பழகிய கை இன்னும் விரைவாக ஓடியிருக்கும் என்பதும் நியாயமே. வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் 1,170 மணி நேரம் மிஞ்சுகிறது, வாதம் தளரவில்லை. இதைவிட வலுவான மறுப்பு வேறொன்று. வட நார்வேயின் த்ரோண்டெனெஸ் தேவாலயத்தில் 1989இல் கிடைத்த கம்பளிப் பாய்த்துண்டு, வைக்கிங் காலத்துக்குப் பிந்தைய இடைக்காலத்தது. அதை வைத்து முந்தைய எல்லாப் பாய்களும் கம்பளியே என்று சொல்ல முடியாது. சணல்நார்த் துணியும் பயன்பட்டிருக்கலாம். ஆனால் நார் மாறினால் நூற்பு இல்லாமல் போய்விடுமா? எந்த நாராயினும் ஒவ்வொரு மீட்டரும் விரலிடையில் முறுக்கேறித்தான் வந்தது. மேலும், நெசவை அன்று துணைவேலையாகக் கருதவில்லை என்பதற்கு ஒரு குறிப்பும் உண்டு: நார்வேயில் 834இல் புதைக்கப்பட்டு 1904இல் அகழ்ந்தெடுத்த ஓசெபெர்க் கப்பலில் இருந்தவை இரண்டு பெண்களின் உடல்கள். அவர்களோடு தறிகளும் வைக்கப்பட்டிருந்தன.