எயார் ரைபிள் வாங்கப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் வரலாறு

"சேர், விலை குறைஞ்ச, பாரமில்லாத நல்ல எயார் ரைபிள் ஒன்று சொல்லுங்க. குரங்குத் தொல்லை தாங்க முடியல்ல."

இந்தக் கேள்வி இப்போது ஊருக்கு ஊர் கேட்கிறது. கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. குரும்பை பருவத்திலேயே தேங்காய் போகிறது. சோளம் பால் பிடிக்கும்போதே போகிறது. பலா, வாழை, கொய்யா என்று வீட்டு வளவில் வைத்த எதுவும் மிஞ்சுவதில்லை. 2025 மார்ச் 15ஆந் திகதி காலை 8 மணியிலிருந்து ஐந்து நிமிடம் நாடு முழுவதும் குரங்கு, மந்தி, மயில், மர அணில் எண்ணினோமே, ஞாபகம் இருக்கும். 50 இலட்சத்துக்கு மேல் குரங்கு, 40 இலட்சத்துக்கு மேல் மயில் என்று முடிவு வந்தது. எண்ணிய முறை சரியா என்று இன்றும் தர்க்கம் நடக்கிறது. விவசாயியின் நட்டத்தில் தர்க்கம் இல்லை.

ஆனால் எந்தத் துவக்கு என்று கேட்பதற்கு முன், இந்தக் கருவி எங்கிருந்து வந்தது, யாருக்காகச் செய்யப்பட்டது என்று பார்ப்பது நல்லது. அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

முதலில் சொல்லிலிருந்தே தொடங்குவோம். நாம் துவக்கு என்கிறோம், சிங்களத்தில் துவக்குவ என்கிறார்கள், தமிழ்நாட்டில் துப்பாக்கி. மூன்றுக்கும் வேர் துருக்கியின் 'துஃபெக்'. இந்தச் சொல் வெடிமருந்தை விடப் பழையது. 11ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் அல்-காஷ்கரி துருக்கி மொழிகளுக்கு அரபியில் ஓர் அகராதி செய்தார். அதில் இதன் பழைய வடிவம் இருக்கிறது. வில்லோ மரத்தின் பச்சைப் பட்டையைக் குழலாக உரித்தெடுத்து, சிட்டுக்குருவி போன்ற சிறு பறவைகளை அடிக்கப் பயன்படுத்தும் குழல் என்று பொருள் சொல்கிறார். அதாவது நம் வாயில் இருக்கும் 'துவக்கு' பிறக்கும்போதே ஓர் ஊதுகுழல்; சின்னப் பிராணிக்கான கருவி. வெடிமருந்து வந்தபோது பெயரை மட்டும் எடுத்துக்கொண்டது. இந்த 'சின்னப் பிராணிக்கு' என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றை அடைத்துச் சுடும் துவக்கைப் போருக்கு எடுத்துப் போனது ஒஸ்திரியா. பார்த்தொலோமியஸ் ஜிரந்தோனி என்பவர் வடிவமைத்த காற்று ரைபிளை 1780 அளவில் அந்நாட்டு இராணுவம் ஏற்றுக்கொண்டது. அடிக்கட்டையே காற்றுத் தொட்டி. ஒரு தடவை நிரப்பினால் ஏறத்தாழ 20 குண்டுகளை அடுத்தடுத்துச் சுடலாம். புகை இல்லை, மழையில் நனையும் மருந்தும் இல்லை. அன்றைய உலகில் இது அதிசயம். ஆனால் தொட்டியை நிரப்பக் கைப்பம்பை சுமார் 1,500 தடவை அடிக்க வேண்டும். வாயில் கசிந்தால் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். 1815 அளவில் இராணுவம் அதைக் கைவிட்டது. பலம் இருந்தது, மலிவும் இல்லை, பராமரிக்க இலகுவும் இல்லை.

மலிவும் இலகுவும் வந்தது அமெரிக்காவின் கிராமத்திலிருந்து. மிச்சிகன் மாநிலத்தில் பிளைமவுத் என்ற சிற்றூரில் 1882இல் ஒரு கம்பனி தொடங்கியது. அது செய்தது துவக்கு அல்ல, விவசாயிகள் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் இரும்புக் காற்றாலை. வியாபாரம் மந்தமாக இருந்த காலத்தில் கிளாரன்ஸ் ஹமில்டன் என்பவர் உலோகத்தில் செய்த சின்ன எயார் துவக்கு ஒன்றைக் கொண்டு வந்தார். அதைச் சுட்டுப் பார்த்த முகாமையாளர் லூயிஸ் ஹஃப், 'அருமையான சாமான்' என்ற அர்த்தத்தில் அன்றைய பேச்சுவழக்கில் 'டெய்சி' என்றாராம். 1888இலிருந்து காற்றாலை வாங்கும் விவசாயிக்கு அந்தத் துவக்கு இலவசம். கொஞ்ச நாளில் காற்றாலையை விடத் துவக்கைக் கேட்டு வந்தவர்கள் கூடினார்கள். கம்பனி காற்றாலையை விட்டது. 1895இல் பெயரையே டெய்சி என்று மாற்றியது.

விலை குறைந்த, பாரமில்லாத, கிராமத்துக்கான எயார் துவக்கு என்று இன்று நாம் தேடுவதன் மூதாதை இதுதான். ஆனால் அதன் பலம் தகர டப்பாவைத் தட்டிவிடும் அளவுதான். அதனால்தான் அது மிகச் சீக்கிரம் விவசாயியின் கையிலிருந்து பிள்ளைகளின் கைக்குப் போனது. மலிவு, இலகு இரண்டும் கிடைத்தன, பலம் கிடைக்கவில்லை.

மூன்றாவது கட்டம் இங்கிலாந்து. பேர்மிங்ஹாம் நகரின் பிஎஸ்ஏ கம்பனி இராணுவத்துக்கு ரைபிள் செய்து வந்தது. 1902இல் தென்னாபிரிக்காவின் போயர் யுத்தம் முடிந்ததும் அந்தக் கேள்வி குறைந்தது. அந்த ஊரின் துவக்குக் கைவினைஞர் லிங்கன் ஜெப்ரிஸ் 1904இல் உரிமம் பெற்ற வடிவத்தை எடுத்து, 1905இலிருந்து எயார் ரைபிள் செய்யத் தொடங்கினார்கள். உள்ளே வலுவான சுருள்வில், குழலுக்குள் சன்னத்தைச் சுழற்றிவிடும் வரிகள், குறி தப்பாமல் இருக்க அசையாத குழல். பெரியவர் கையாளும் உண்மையான கருவி. பாரம் மட்டும் 3 கிலோவை ஒட்டிப் போனது. ஜேர்மனியில் 1890இல் தொடங்கிய டயானாவும் இந்தச் சுருள்வில் வழியில்தான் பெயர் எடுத்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் டயானாவின் இயந்திரங்கள் நட்டஈடாக ஸ்கொட்லாந்துக்குப் போயின. அங்கேயும் டயானா என்ற பெயரிலேயே துவக்கு செய்தார்கள். பழைய 'டயானா' எல்லாம் ஜேர்மனியில் செய்தது என்று நம்பி விலை கொடுப்பவர்கள் இதைத் தெரிந்து வைப்பது நல்லது.

பிறகு 1980களில் இரண்டு விடயம் நடந்தது. ஒன்று, சுருள்வில் துவக்குகளில் வேகப் போட்டி. மற்றது, இங்கிலாந்தின் டேஸ்டேட் கம்பனி முன்கூட்டியே காற்றடைத்த ரைபிளை மீண்டும் சந்தைக்குக் கொண்டு வந்தது. விலங்குகளுக்கு மயக்க ஊசி செலுத்தும் துவக்கில் தொடங்கிய கம்பனி அது. 200 வருடத்துக்குப் பிறகு ஜிரந்தோனியின் யோசனை திரும்பி வந்தது. உதைப்பு இல்லை, குறி மிகத் துல்லியம். ஆனால் துவக்கின் விலையோடு உயரழுத்தப் பம்பின் விலையையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

இந்த வரலாறு முழுவதிலும் ஒரே கணக்குத்தான் திரும்பத் திரும்ப வருகிறது. மலிவு, இலகு, பலம் என்ற மூன்றையும் ஒரே துவக்கில் யாரும் தரவில்லை. இரண்டை எடுத்தால் மூன்றாவதை விட வேண்டும். மலிவும் இலகுவும் கேட்டு வாங்குகிறவர் விடுவது பலத்தை. எனவே முதல் கேள்வி பணத்தைப் பற்றியதாக இருக்கக் கூடாது. எந்தப் பிராணிக்காக வாங்குகிறோம் என்பதாக இருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் விசேட சான்றிதழ் இல்லாமல் வைத்திருக்கக்கூடிய எயார் ரைபிளின் உச்சப் பலம் சுமார் 16 ஜூல். ஜேர்மனியில் அனுமதி இல்லாமல் வாங்கக்கூடியது 7.5 ஜூல் மட்டுமே. பிரித்தானிய விவசாயிகள் அந்த 16 ஜூலை வைத்துத்தான் எலி, புறா, முயல் போன்றவற்றைக் கட்டுப்படுத்துகிறார்கள். அதுவும் 30 மீற்றர் அளவுக்குள், தலையைக் குறி பார்த்து. நம் நாட்டுக் குரங்கின் கடுவன் 5, 6 கிலோ வரும். மரக்கிளையில் தாவிக்கொண்டிருக்கும் அந்த உடம்பில் இந்தச் சன்னம் பட்டால் பெரும்பாலும் சாகாது. சன்னம் சதைக்குள் தங்கும், புண் சீழ் வைக்கும், கண் போகும். காயப்பட்ட குரங்கு நாளைக்கும் அதே தோட்டத்துக்குத்தான் வரும். இன்னும் மூர்க்கமாக வரும். செத்தாலும் நட்டம் நிற்காது, கூட்டத்தின் மற்றக் குரங்குகள் இருக்கின்றன.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் காலத்துக் காவல்காரன் சேனையில் சுட்ட வேட்டைத் துவக்கு எத்தனை மிருகத்தைக் கொன்றது என்பதை விட, அதன் சத்தம் எத்தனை மிருகத்தை விரட்டியது என்பதே பெரிது. எயார் ரைபிளின் பெருமை சத்தமின்மை. கூட்டமாக வரும் பிராணியை விரட்டுவதற்கு அந்தப் பெருமையே குறை.

கொன்றே தீர்க்கலாம் என்ற யோசனையும் நம் நாட்டுக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில அரசாங்கம் பயிரைக் காக்க யானைத் தலைக்கு இத்தனை ஷில்லிங் என்று சன்மானம் கொடுத்தது. அன்றைய குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட் எழுதி வைத்த கணக்குப்படி, வடக்கின் ஒரு பகுதியில் மட்டும் 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்குள் 3,500 யானைகள் கொல்லப்பட்டன. தெற்கில் 1851 முதல் 1856 வரை 2,000. பதுளைப் பக்கம் அதிகாரியாக இருந்த மேஜர் ரோஜர்ஸ் தனி ஆளாக 1,400க்கு மேல் சுட்டார் என்று பதிவு. கடைசியில் அதே அரசாங்கம் 1891இல் யானையைக் காப்பாற்றச் சட்டம் போட வேண்டி வந்தது. யானைப் பிரச்சினை தீர்ந்ததா? இன்றும் வருடத்துக்கு நூற்றுக்கு மேற்பட்ட மனித உயிர்களும் நூற்றுக்கணக்கான யானைகளும் போகின்றன. காடு சுருங்கியது, யானை வரும் பாதையில் நாம் குடியேறினோம்; துவக்கு அதைத் தீர்க்கவில்லை. குரங்கின் கதையும் அப்படித்தான். திறந்து கிடக்கும் குப்பைமேடும், பயணிகள் வீசும் சாப்பாடும், துண்டு துண்டான காடும் இருக்கும் வரை, ஒன்று போன இடத்துக்கு இன்னொன்று வரும். அந்தக் குரங்கு இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத இனம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அப்படியானால் எயார் ரைபிளே வேண்டாமா? வேண்டியவர்கள் இருக்கிறார்கள். நெல் களஞ்சியத்திலும் கோழிக்கூட்டிலும் எலி பெருத்து, நஞ்சு வைத்தால் பூனையும் கோழியும் சாகும் என்று பயப்படுகிறவருக்கு அது பொருத்தமான கருவி. அவருக்குச் சொல்லக்கூடியது இதுதான்.

முதலில் அனுமதி. நம் துவக்குச் சட்டம் 1916ஆம் ஆண்டினது, வனசீவராசிகள் சட்டம் 1937ஆம் ஆண்டினது. இரண்டும் பல தடவை திருத்தப்பட்டவை. காசு கொடுக்கும் முன் பொலிஸ் நிலையத்திலும் பிரதேச செயலகத்திலும் இன்றைய விதியைக் கேளுங்கள். கடைக்காரர் வாயால் சொல்வது அனுமதிப்பத்திரம் ஆகாது. 1971 கிளர்ச்சியில் வீடுகளில் இருந்த வேட்டைத் துவக்குகள் பறிக்கப்பட்ட நாடு இது; துவக்கு விடயத்தில் அரசு சந்தேகத்தோடு பார்ப்பதற்கு வரலாறு இருக்கிறது. எந்தப் பிராணி பாதுகாக்கப்பட்டது என்பதை வனசீவராசிகள் அலுவலகத்தில் கேளுங்கள்.

அடுத்தது பாரம். இரண்டரை கிலோவிலிருந்து 3 கிலோ வரையான, குழலை மடித்து ஏற்றும் சாதாரண சுருள்வில் துவக்கு களஞ்சியத்துக்குப் போதும். அதை விட இலகுவாகவும் அதே நேரம் பலமாகவும் இருக்கிறது என்றால், உதைப்பு கூடிக் குறி தப்பும். வீட்டில் யார் பாவிக்கப் போகிறாரோ அவரே கடையில் ஏற்றிப் பார்க்க வேண்டும். இழுக்கக் கஷ்டப்படுகிறவருக்கு அந்தத் துவக்கு ஆபத்து.

சன்னம் இரண்டு அளவில் வரும். 4.5 மில்லிமீற்றர் வேகமாகவும் நேராகவும் போகும். எலிக்கு அது போதும். 5.5 மில்லிமீற்றர் பாரம் கூடியது, அடியும் கூட. பெட்டியில் 1000, 1200 அடி வேகம் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த இலக்கம் பெரும்பாலும் மிக இலகுவான சன்னத்தால் அளந்தது. ஒலியின் வேகத்தைத் தாண்டினால் சன்னம் தடுமாறும். வேகத்தை விடக் குறி முக்கியம்.

குறியைச் சோதிக்க ஒரு வழி. பின்னால் மண்மேடு உள்ள இடத்தில், கடதாசியில் பத்து ரூபாக் குற்றியை வைத்து வட்டம் கீறுங்கள். ஐந்து சன்னமும் எந்தத் தூரத்திலிருந்து அந்த வட்டத்துக்குள் விழுகிறதோ, அதுதான் உங்கள் எல்லை. அதற்கு அப்பால் உயிருள்ள எதையும் குறி பார்க்கக் கூடாது. பழைய துவக்கு என்றால் சுருள்வில்லும் வாஷரும் ஊரில் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

கடைசியாக, குறி தப்பிய சன்னம் 300 மீற்றர் வரைகூடப் போகும். நம் ஊர்களில் அந்தத் தூரத்துக்குள் எத்தனை வளவு, எத்தனை பிள்ளைகள்? மரத்தை நோக்கி மேலே சுடுவதே கூடாது. துவக்கும் சன்னமும் வெவ்வேறு இடத்தில், பூட்டுப் போட்டு இருக்க வேண்டும். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பாட்டில் வைக்க வேண்டாம். சன்னம் பட்டுச் செத்த எலியைப் புதைத்துவிடுங்கள்.

குரங்குக்கு வழி கேட்டவர்களிடம், அந்தக் காசை வைத்து நாலு வீட்டுக்காரர் சேர்ந்து முறை வைத்துக் காவல் இருங்கள், குப்பையை மூடுங்கள், வலை அடியுங்கள் என்றுதான் சொல்ல முடிகிறது. இது முழுத் தீர்வு இல்லை என்பது நமக்கும் தெரியும். பயிர் நட்டஈட்டையும் காட்டோரக் குப்பையையும் அரசாங்கம் கையிலெடுக்காமல் இது தீராது. விவசாயியின் கையில் ஒரு துவக்கைக் கொடுத்து, இனி உன் பாடு என்று விட்டுவிடுவது எந்த அரசாங்கத்துக்கும் மலிவான வழி. அந்த மலிவுக்கு நாம் இணங்கக் கூடாது.